கேள்வி மட்டும் போனது

திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடை மாடியில், காணாமல் போனவர்களைத் தேடித் தரும் சிறிய அறக்கட்டளை ஒன்று இருந்தது. அங்கே கணினி வேலைகளைக் கவனித்தவர் தாஜுன்னிசா. அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் ஆறுமுகநயினார். மின்வாரியத்தில் விருப்ப ஓய்வு வாங்கியவர்; கற்றுக்கொடுப்பவரைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனாலும் தாஜுன்னிசாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தாஜுன்னிசாவுக்கு அவர் அண்ணாச்சி.

சம்பளம் வேண்டாம் என்று சொல்லித்தான் சேர்ந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய தம்பி கோமதிநாயகம் பல வருடங்களுக்கு முன்பு திருப்பதிக்கு பஸ் ஏறிப் போனவன், திரும்பவில்லை என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

தேட வேண்டிய விவரங்கள் மூன்று இடங்களில் கிடந்தன. ஆதரவற்றோர் இல்லங்களின் பதிவுகள் ஒரு நிறுவனத்தின் கிளவுடில், அதாவது வாடகைக் கணினிக் கிடங்கில். ஆஸ்பத்திரிகளில் ஊர் பேர் தெரியாமல் படுத்திருப்பவர்களின் பதிவுகள் இன்னொரு நிறுவனத்திடம். ரயில் நிலையங்களில் மீட்கப்பட்டவர்களுடையது வேறெங்கோ. மூன்றையும் அப்படியே அள்ளி ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதே நயினாரின் ஆசை. தினமும் வந்து உட்கார்ந்ததும் அந்த வேலைதான். எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் யாரும் தொலைய முடியாது என்று நம்பினார்.

பில் வந்தது. கிளவுடுக்குள் போடும்போது காசு கேட்காதவர்கள், வெளியே எடுக்கும்போது கேட்டார்கள். எடுத்ததை வைத்திருக்க வாடகை தனி. இதைக் கட்டினால், கண்டுபிடித்தவர்களை ஊருக்கு அனுப்ப டிக்கெட் எடுக்கப் பணம் இருக்காது என்று நிர்வாகி வருத்தப்பட்டார்.

"இன்னும் கொஞ்சந்தான் டீச்சர்" என்றார் நயினார். "எல்லாம் வந்து சேந்துட்டா தேடிரலாம்."

தாஜுன்னிசா எழுந்து போய் வெளியே பெஞ்சில் இருந்த பெண்ணை உள்ளே அழைத்து வந்தார். கடலோரத்து உவரிக்காரி, பெயர் பிலோமினா. புருஷன் குஜராத் பக்கம் படகு வேலைக்குப் போனவன். கரை இறங்கியவன் வீடு வரவில்லை.

"இவங்கள்ட்ட என்ன சொல்லட்டும் அண்ணாச்சி? எல்லாம் வந்து சேரட்டும்னு சொல்லட்டுமா?"

நயினார் தலை குனிந்தார்.

தாஜுன்னிசா பிலோமினாவிடம் கேட்டார். "ஆளுக்கு என்ன அடையாளம்?"

"எடது கையில சுண்டுவெரல் இருக்காது. வலை இழுக்கையில போச்சு."

வயதையும் தொலைந்த நாளையும் கேட்டுக்கொண்டு தாஜுன்னிசா திரையில் சில வரிகள் எழுதினார். ஆண். நாற்பதை ஒட்டிய வயது. இடது கையில் சுண்டுவிரல் இல்லை. அவன் தொலைந்த பிறகு பதிவானவர்கள் மட்டும்.

"பேரு போடலையே டீச்சர்?"

"நாம தேடுறவங்கள்ல பாதிப் பேருக்கு அவங்க பேரே ஞாபகம் இல்ல."

ஒரே கேள்வி மூன்று இடங்களுக்கும் போனது. அந்தந்த இடம் தன்னிடம் இருப்பதில் தேவையான பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தது. பதிவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. திரும்பி வந்தவை சில வரிகள். அவற்றில் ஒன்று ரத்தினகிரியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. போன் போட்டு, வார்டில் இருந்தவரிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

பிலோமினா போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"இவருதான்" என்றாள். பேச்சே இன்னும் வரவில்லை, இருமலிலேயே தெரிந்துகொண்டாள். அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்த ரயிலு போவும்?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு நயினார் அந்தத் தேடலுக்கு ஆன செலவைப் பார்த்தார். ஒரு டீ குடிக்கிற காசுகூட ஆகியிருக்கவில்லை.

"அப்ப நான் எதுக்கு டீச்சர் இத்தனையையும் சொமந்துட்டு வந்தேன்?"

"நீங்கதான் சொல்லணும்."

நயினார் திரையில் பழைய பில்லைத் திறந்து பார்த்தார்.

"வந்து சேந்தது வரைக்கும் கோமதியைத் தேடிப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குத் தகராறு செய்தார்கள். நயினார் ஜன்னல் வழியே அதைப் பார்த்தார்.

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"கேட்டு, இல்லைன்னு வந்துட்டா? சேத்துட்டே இருந்தா, எங்கயோ உள்ள இருக்கான்னு நெனச்சுக்கிடலாம்."

தாஜுன்னிசா தன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இங்க உக்காருங்க. அடையாளம் சொல்லுங்க."

நயினார் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. சாப்பிடும்போது கோமதி ஏதோ ராகத்தை முனகுவான். கத்தரிக்காயைத் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைப்பான். பஸ்ஸில் எப்போதும் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவான். மழைச் சத்தம் கேட்டால் தெருவில் போய் நிற்பான். கூப்பிட்டால் 'வாரேன்' என்பான், வரமாட்டான். போய்க் கையைப் பிடித்தால் உடனே வந்துவிடுவான்.

தாஜுன்னிசா குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"கேள்வி சின்னதா இருக்கணும் அண்ணாச்சி."

அவர் சில வரிகளை எழுதி அழித்தார். பிறகு தம்பியை மூன்று வரிகளில் எழுதினார். ஆண். ஐம்பதை ஒட்டிய வயது. வலது புருவத்தில் தழும்பு.

விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. தாஜுன்னிசா அழுத்தச் சொல்லவில்லை. அவராகவே அழுத்தினார்.

ஆஸ்பத்திரிப் பதிவுகளில் யாரும் இல்லை. ரயில் நிலையப் பதிவுகளிலும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது இல்லங்களிலிருந்து ஒரு வரி வந்திருந்தது. நெல்லூருக்குப் பக்கத்தில் ஓர் இல்லம். பெயர் தெரியாது, பேசுவதில்லை, புருவத்தில் தழும்பு. போட்டோ இல்லை.

"இது அவன்தானா டீச்சர்?"

"அது இந்தப் பெட்டிக்குத் தெரியாது."

"போன் போட்டா?"

"பேசாதவர்ட்ட போன்ல என்ன கேப்பீங்க? நேர்ல போங்க. டிக்கெட் எடுக்கச் சொல்லுதேன்."

நயினார் எழுந்தார். வாசல் வரை போனவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அவ்வளவு தூரம் போயி, அது அவனா இல்லைன்னா?"

தாஜுன்னிசா சொன்னார்:

"அப்ப அவரு வேற யாருக்கோ தம்பி. பக்கத்துல உக்காந்து, அவரு அடையாளத்தைப் பாத்து எழுதிட்டு வாங்க."