கண்கள் மட்டும்

கல்யாண வீடியோ எடுத்தே தலை நரைத்தவர் சவரிமுத்து. தாலி முடிச்சுக்கு ஜூம் போயே பழகிய கை. ஐம்பதைத் தாண்டிய பிறகு படம் எடுக்கும் ஆசை வந்து, ஆவணப்பட இயக்குநர் மேகலாவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மேகலாவுக்கு அவருடைய மகள் வயது. இவர் மேடம் என்பார், அவர் அண்ணே என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருக்கவில்லை.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களைப் பற்றிய படம். முதல் நாளே சவரிமுத்து கேட்டார்.

"முகத்துக்கு எவ்வளவு கிட்டப் போகலாம், மேடம்?"

"எடுத்துப் பாருங்கண்ணே" என்றதோடு சரி.

மறுநாள் கரையில் சகாயராணி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் போன படகு வரவேயில்லை. சவரிமுத்து தூரத்தில் ஒரு படகின் மறைவில் நின்று, நீண்ட லென்ஸைப் போட்டு, திரை முழுக்க அவள் கண்களை மட்டும் பிடித்தார். கடலைப் பார்த்தபடியே கண் நிறைந்து வழிந்தது.

சாயங்காலம் போட்டுக் காட்டினார். மேகலா இரண்டு முறை பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இப்படி அழுவாங்களா மேடம்? படத்துக்கு இது ஒண்ணு போதும்."

இந்த ஒரு ஷாட்டை வைத்துத் தன்னையும் நாலு பேர் கேமராமேன் என்பார்கள் என்று நம்பியிருந்தார், பாவம். தப்பான ஆசையும் இல்லை.

மேகலா நீண்ட லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுச் சின்ன லென்ஸைக் கொடுத்தார். இதே கண்களை இதில் எடுத்து வாருங்கள், அப்புறம் எதைச் சேர்ப்பது என்று பார்க்கலாம் என்றார். அதில் கண் மட்டும் தெரிய வேண்டுமானால் எதிரிலேயே போய் உட்கார வேண்டும்.

காலையில் போய் உட்கார்ந்தார். சகாயராணி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். பேச்சு அவள் கணவனிடம் வந்தபோது கண் கலங்கியது. சவரிமுத்து கேமராவைத் தூக்கினார். ஃபோகஸ் சரியாக விழுந்த நேரத்தில் திரை இருண்டுபோனது.

வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"கிடைக்கல மேடம். 'இது வேண்டாம்ண்ணே'ன்னு லென்ஸைக் கையால மூடிட்டாங்க."

கண்ணாடியில் விரல் தடம் இருந்தது. மேகலா அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நேத்தும் மூடியிருப்பாங்கண்ணே. கை எட்டல."