இந்த வீட்டில் யார் இல்லை?

"இனிமே உங்களுக்கு வேலை இல்லம்மா," என்றார் ஆவுடையப்பன். "சாவே இல்லாத ஊர் ஒண்ணப் பாத்துட்டு வந்திருக்கேன்."

மலையிறங்கி வந்த களைப்பு இன்னும் ஆறவில்லை. தோளில் ஒரு சுரைக்குடுக்கை. அதில் அந்த ஊர்ச் சுனைத் தண்ணீர்.

உலகம்மை வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து உட்காரச் சொன்னார்.

உலகம்மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆற்றங்கரை மடத்தில் இருந்துகொண்டு வைத்தியர்களுக்கே பாடம் சொன்னவர். ஆனால் நாடி பிடிக்க மாட்டார். நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வீடு வீடாகப் போய் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இந்த வீட்டுல யாரு இல்ல?"

இல்லாதவருக்கு என்ன வயது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார், என்ன தொழில் பார்த்தார் என்று கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தெருக்கோடிக்கு வரும்போது அந்தத் தெருவை எது தின்கிறது என்று பாதி தெரிந்திருக்கும். ஒருமுறை சாயப்பட்டறைத் தெருவில் ஒரு கிணற்றை மூடச் சொன்னார். தெருவே மண்ணை வாரித் தூற்றியது. மூடிய பிறகு அங்கே பிள்ளைகள் பிழைத்தன. நன்றி சொல்லத்தான் யாரும் வரவில்லை.

அவர் தலை தெரிந்தாலே பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நல்லதும் கெட்டதுமாக ஓடுகிற வீட்டில் வந்து கேட்கிற கேள்வியா இது?

ஆவுடையப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தலை பஞ்சாக வெளுத்தவர். நாடி பார்ப்பதில் பேரெடுத்தவர். மூத்த பெண்கள் இரண்டு பேரையும் இளைப்பு நோய் கொண்டுபோனபோது அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். நாடி எல்லாவற்றையும் சொன்னது. ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் பிறகுதான் வெட்கத்தை விட்டு, தன்னைவிடச் சின்னவரிடம் வந்து சீடராகச் சேர்ந்தார்.

மிச்சம் இருந்தது கடைக்குட்டி வடிவு. பதினான்கு வயது. மார்கழி பிறந்தால் அவளுக்கும் நெஞ்சு இழுக்கும்.

"வடிவு எங்க?" என்று கேட்டார் உலகம்மை.

"அங்கேயே விட்டுட்டு வந்திருக்கேன். அவ இனிச் சாக மாட்டா."

முறம் நின்றது.

ஆவுடையப்பன் சந்தோஷத்தில் இருந்தார். அதனால் அதைக் கவனிக்கவில்லை.

மூலிகை தேடிப் போன இடத்தில் கண்டுபிடித்தாராம். தேனடுக்கம் என்று பேர். மேகத்துக்கு மேலே இருக்கிற ஊர். ஊருக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம். எட்டிப் பார்த்தால் அடி தெரியாது, வெறும் பனிமஞ்சு.

பாறைத்தேன் எடுக்கக் கயிற்றில் இறங்கியவனிடம் வயது கேட்டிருக்கிறார். நூற்றுப் பத்து என்றானாம். வாயில் ஒரு பல் குறையவில்லை. அவன் பெண்டாட்டிக்கு நூற்றிரண்டு, வயிற்றில் பிள்ளை. ஒருவர் சொன்னால் சந்தேகப்படலாம், ஊரே அப்படித்தான் சொன்னது. எண்பதுக்குக் கீழே அங்கே பேர் வைத்த ஆள் கிடையாது.

"பேரு வச்ச ஆளா?" உலகம்மை கேட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே பேர் வைப்பதில்லையாம். சும்மா 'புள்ள' என்றுதான் கூப்பிடுவார்களாம். பேர் வரும்போது வரும் என்பார்களாம். எந்த ஊரில்தான் விசித்திரமான வழக்கம் இல்லை என்று ஆவுடையப்பன் சிரித்தார்.

சுடுகாடும் கிடையாது, இடுகாடும் கிடையாது. நடுகல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வடிவுக்கு அங்கே போனதுமே இழுப்பு அடங்கிவிட்டது. வேறென்ன வேண்டும்? எல்லாம் அந்தச் சுனைத் தண்ணீர் என்று குடுக்கையை முன்னால் நகர்த்திவைத்தார்.

உலகம்மை அதைத் தொடவில்லை.

"கோலூன்றி நடந்தவங்க யாரையாவது பாத்தியளா?"

"ஒருத்தரும் இல்ல."

"கண்ணு மங்கினவங்க?"

"இல்லம்மா."

"நரச்ச தல?"

ஆவுடையப்பன் தொடையைத் தட்டிக்கொண்டார். அதைத்தான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தார்.

போன அன்றே பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தனவாம். பெரியவர்களும் வந்து பார்த்தார்கள். ஒரு பெண் மனசு கேளாமல், வலிக்கிறதா என்று விசாரித்தாள். இந்த நோவுக்கு ஏதாவது அரைத்துப் போடட்டுமா என்றாளாம்.

"நரைன்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியலம்மா."

உலகம்மை எழுந்து வந்தார். ஆவுடையப்பன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்களுக்கு எப்ப வந்துது?"

"நாப்பது தாண்டி."

"அங்க ஒருத்தருக்கும் வரல."

"ஆமா. அதத்தான சொல்லுதேன்."

"ஆமா," என்றார் உலகம்மை. "அதத்தான் நானும் சொல்லுதேன்."

ஆவுடையப்பன் அந்த முடியைத் தரையில் உதறினார்.

அவர் அவசரமாகப் பேசினார். அந்த ஜனங்கள் சூதுவாது தெரியாதவர்கள், பொய் சொல்லி அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்றார். தான் இத்தனை வருஷம் மனிதர்களின் முகம் பார்த்தவன் என்றார்.

"பொய்யின்னு நான் சொல்லலியே," என்றார் உலகம்மை. "வடிவுக்கு அங்க பேரு வச்சாங்களா?"

வைத்தார்கள். பேச்சி என்று வைத்தார்கள். தன் மகளுக்குக் கிடைத்த மரியாதை என்று அதையும் பெருமையாகச் சொல்லத்தான் இருந்தார். ஒரு வீட்டில் அவளை மணையில் உட்காரவைத்து இரும்புக் காப்பு ஒன்றைப் போட்டு, பேச்சி, வயசு தொண்ணூற்று மூன்று என்று ஊர் கேட்கச் சொன்னார்கள். வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா, நான் உங்களவிடப் பெரியவ என்றாள். அந்தக் காப்பின் உள்பக்கம் தேய்ந்து தேய்ந்து கம்பியாக இருந்தது. சின்னக் காப்பு. முற்றிய கைக்குள் நுழையாது.

"அதுக்கு முந்தி அந்த வீட்டுல பேச்சி யாரு?"

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

ஒரு பெண் இருந்தாள். மூக்கோரத்தில் மச்சம். போன முதல் நாள் அவர்களுக்குச் சுட்ட கிழங்கு கொண்டுவந்தவள் அவள்தான். கிழங்கை நீட்டிய கையில் இந்தக் காப்புக் கிடந்தது. முகம் லேசாக ஊதியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார். பிறகு அவளைக் காணவில்லை. கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்.

பேச்சி என்கிற பேருக்குத்தான் தொண்ணூற்று மூன்று வயது, ஒருத்தி போனால் அடுத்தவள் கைக்கு வருகிற பேர். அதைச் சுமந்தவளுக்குப் பதினாறு இருக்கும்.

கயிற்றில் இறங்கியவனுக்கு முப்பதுகூட இருக்காது. இது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. முகம் பார்க்கத் தெரிந்த வைத்தியர் அதைத்தான் பார்க்கவில்லை. ஆசை வந்து உட்கார்ந்துவிட்டால் எவருக்கும் அப்படித்தான்.

"அங்க நீங்க கேட்டியளா?" என்றார் உலகம்மை.

எதை என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"கேக்கலம்மா," என்றார். "எல்லாரும் இருக்கிற வீட்டுல என்னத்தக் கேக்கன்னு விட்டுட்டேன்."

பிறகு, அது என்ன நோய் என்று கேட்டார்.

"தெரியாது. தண்ணியா இருக்கலாம், மண்ணா இருக்கலாம், பொகையா இருக்கலாம். அங்க போயி உக்காந்தாத்தான் தெரியும். நரைக்கிற வரைக்கும் அங்க யாரும் இருக்கதில்ல. இப்போதைக்கு அது ஒண்ணுதான் தெரியுது."

"என் வடிவு பொழைப்பாளா?"

உலகம்மை கண் கலங்கியதை ஆவுடையப்பன் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஒரு ஊர் எப்படிச் சாகும்னு கேட்டா சொல்லுவேன் வைத்தியரே. ஒருத்தியப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

ஆவுடையப்பன் எழுந்தார். செருப்பைக்கூடத் தேடாமல் மலையைப் பார்க்க நடந்தார். குடுக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏறும்போது மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. தன் கால் தனக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை விழுந்தார் என்பது அவருக்கே தெரியாது. அந்த ஜனங்கள் மேல் கோபப்பட்டுப் பார்த்தார், முடியவில்லை. அத்தனை பேரைச் சின்னச் சின்ன வயதில் அந்தப் பள்ளத்துக்கு வாரிக்கொடுத்தவர்கள், கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வாழ்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கத்தானே அவரும் ஏங்கிக் கிடந்தார்?

ஊர் எல்லையில் மஞ்சுக்குள்ளிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

"அப்பா."

முதலில் கைதான் தெரிந்தது. கையில் காப்பு இருந்தது.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தார். காப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை வந்து அவர் சட்டையைப் பிடித்தது.

"என்னப்பா, காலெல்லாம் ரத்தம்?"

வடிவுதான்.

ஆவுடையப்பன் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதார். வடிவு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"இங்க வேண்டாம்ப்பா. அந்த வீட்டுச் சின்னப் புள்ள தெனமும் எம் மூஞ்சியத் தடவித் தடவிப் பாக்கா. அப்புறம்தான் அக்கான்னு கூப்புடுதா."

அவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். வாசலில் வீட்டுக்காரி நின்றாள். நூற்றாறு வயது, கருகருவென்று தலை. இடுப்பில் அந்தச் சின்னப் புள்ள.

கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவள் முகம் வெளிறியது. பேச்சி போய்விட்டால் பேர் தரையில் விழுந்துவிடும் என்றாள். இந்தப் பிள்ளையின் கை இன்னும் சின்னது, காப்பு நிற்காது என்றாள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கெஞ்சினாள். அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லாத் தலையும் கறுப்பு.

அவர் நினைத்திருந்தால் இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். தடுக்கிற ஜனங்கள் இல்லை அவர்கள். காலை எடுத்தும் வைத்தார்.

பிறகு இடுப்பிலிருந்த பிள்ளையின் சின்னக் கையைப் பார்த்தார். திரும்பினார்.

"தாயி," என்றார். "இந்த வீட்டுல யாரு இல்ல?"

அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. மஞ்சு வாசலுக்குள் வந்து போனது.

"எல்லாரும் இருக்கோம்," என்றாள் அவள்.

அவர் போகவில்லை. நின்றார்.

வடிவு காப்பைக் கழற்றினாள். கழற்றி, வீட்டுக்காரி கையில் கொடுத்தாள்.

அவள் அதைப் பார்த்தாள். கட்டைவிரலால் அதன் உள்பக்கத்தைத் தடவினாள். இடுப்பிலிருந்த குழந்தை அவள் முகத்தைத் தொட்டது.

"மூக்குல மச்சம் உள்ளவ," என்றாள். தனியாகச் சொல்ல அவளிடம் வேறு பேர் இல்லை. "மூக்குல மச்சம் உள்ளவ இல்ல."

சொல்லிவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் வாய் நிற்கவில்லை. அவளுக்கு முந்தி நெட்டையாக ஒருத்தி இருந்தாள், அவளும் இல்லை என்றாள்.

ஆவுடையப்பன் அவளுக்குப் பக்கத்தில், அந்த வாசலிலேயே உட்கார்ந்தார். என்ன வயது என்று கேட்டார். பதினாறு என்றாள். என்ன தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார்.

அடுத்த வீட்டுக்கு யாரும் போய்க் கேட்கவில்லை. அங்கிருந்து ஒரு ஆண் குரல் தானாகவே வந்தது.

"எங்க வீட்டுல, சீட்டியடிக்கிறவன் இல்ல."