யானையைத் தூக்கிய நூற்றுப் பத்தொன்பது பேர்

இந்தக் கதையைச் சொன்னவர் எங்கள் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்லையா அண்ணன். "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். "கதைக்கெல்லாம் சாட்சி கேக்காதம்மா" என்றார். ஆகவே பெயர்களுக்கு நான் பொறுப்பில்லை.

வெகுகாலத்துக்கு முன்பு உவரிமங்கலம் என்ற நாட்டை வல்லபராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அங்கே ஒரு வழக்கம். அரச முத்திரை குத்திய ஏட்டுக்கு யாரும் 'இல்லை' சொல்லக்கூடாது. சொன்னால் நாடு கடத்தல்.

ஒருநாள் பதினாறு வயது இளவரசன் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். என்ன கவலை என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. அந்தச் சமயம் கப்பலில் வந்த ஒரு வணிகன், "எங்கள் ஊர் இளவட்டங்கள் மனக்கஷ்டத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அறிய இந்த நாற்பது கேள்விகளைத்தான் கேட்போம்" என்று ஓர் ஏட்டை நீட்டினான்.

தலைமைப் பண்டிதர் சதுர்முகர் அதை அரை நாளில் மொழிபெயர்த்துவிட்டார்.

"முதலில் உப்பளத்துப் பக்கம் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்போமே?" என்றார் மந்திரி காரியார்.

"என் எழுத்தைச் சோதிக்க உப்பளத்துப் பிள்ளைகளா? உமக்குப் பொறாமை ஐயா!" என்றார் பண்டிதர்.

முத்திரை குத்திய ஏடு இளவரசன் உட்பட நூற்றிருபது இளவட்டங்களிடம் போனது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'ஆம்'. உப்பளத்துப் பூவாத்தாள் மட்டும், 'மனம் கலங்கினால் என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தாள். அவளை அவைக்கு இழுத்து வந்தார்கள்.

"ஏன் இப்படி எழுதினாய்?" என்றான் அரசன்.

"எங்க வீடே ஒரே அறைதானுங்க மகாராஜா. நான் கதவைச் சாத்தினா ஆத்தா, அப்பன், ரெண்டு ஆடு எல்லாம் தெருவுல நிக்கணும்."

அவை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை இவள் எல்லை தாண்டவேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் காரியார். "அதற்குள் ஒரே ஒரு கேள்வி சேர்த்து, எல்லோரிடமும் மறுபடி கேட்டுவிடலாம். பண்டிதர் புகழ் இரட்டிப்பாகும்."

புகழ் என்றதும் பண்டிதர் தலையாட்டினார். கேள்வி என்னவென்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏடுகள் வந்தன. பண்டிதர் எண்ணிப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தப் பெண்ணைத் தவிர நூற்றுப் பத்தொன்பது பேரும் நாற்பத்தொன்றுக்கும் 'ஆம்'! என் மொழிபெயர்ப்பில் ஒரு பிசகு உண்டா?"

"அந்த நாற்பத்தொன்றாவதைச் சற்று உரக்கப் படியுங்கள்" என்றார் காரியார்.

"'மனம் கலங்கினால் பட்டத்து யானையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டையை மூன்று முறை...'" பண்டிதர் பாதியிலேயே ஏட்டை மூடிவிட்டார்.

"இளவரசே, யானை வாசலில் நிற்கிறது. வருகிறீர்களா?"

"விளையாடாதீர்கள் மந்திரியாரே. முத்திரை இருந்தது, 'ஆம்' போட்டேன். மற்ற நாற்பதும் அப்படித்தான்."

"பிறகு நீ என்னதான் செய்வாய்?" என்றான் அரசன்.

"லாயத்தில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவேன் அப்பா. அதை யாரும் கேட்கவில்லையே."

அரசன் ஏடுகளிலிருந்து முத்திரையைச் சுரண்டச் சொன்னான். பூவாத்தாளுக்கு முத்துமாலையும், கேள்விகளைத் திருத்தும் அதிகாரமும் கிடைத்தன. பண்டிதருக்கு உப்பளத்து வெயில் கிடைத்தது. ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டு, "புரிஞ்சுதா தாயே?" என்று அவளிடம் கேட்கவேண்டும். முதல் நாளே பதினேழு கேள்விகள் காலி.

யானைக் கதையைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. ஒன்றை மட்டும் சரிபார்த்தேன். முதலாண்டில் எங்களிடமும் இப்படி ஒரு வினாத்தாளை நிரப்பச் சொன்னார்கள். நான் நிரப்பிய தாளின் நகலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது கேள்வி அறைக் கதவைப் பற்றியது. எங்கள் வீட்டிலும் ஒரே அறைதான். நான் 'ஆம்' என்று டிக் அடித்திருந்தேன்.