கோட்டைச்சாமியின் கெடு

வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் கோட்டைச்சாமியை மருத்துவமனையில் முதலில் பார்த்தது இளம்பரிதிதான். அப்போது அவன் நரம்பியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர். ஆசிரியை ஞானசௌந்தரி அன்று விடுப்பு.

நோயாளியின் கை மெலிந்திருந்தது. கால் விறைத்திருந்தது. தோளில் சதை தானாகத் துடித்தது.

"இயக்க நரம்பு நோய். மருந்து கிடையாது. மூணு வருஷம் தாண்டுறது கஷ்டம்" என்று மனைவி பேச்சியம்மாளிடம் சொல்லி அனுப்பிவிட்டான்.

ஆறு வருடம் கழித்து, கோட்டைச்சாமி அதே மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். இளம்பரிதியைக் கண்டதும் மடங்கிப்போன கைகளைத் தூக்கிக் கும்பிட்டார்.

"ஐயா சொன்ன கெடுவைத் தாண்டிட்டேன். எங்க அய்யனாரு காப்பாத்திட்டாரு."

"இவரு கண்ணு மூடுறதுக்குள்ளன்னு, படிச்சிட்டிருந்த புள்ளய நிறுத்திக் கல்யாணம் முடிச்சோம். இப்பப் பேரனையும் பாத்துட்டாரு" என்ற பேச்சியம்மாள் திருநீறு நீட்டினாள். இளம்பரிதி வாங்கிப் பூசிக்கொண்டான்.

இந்த முறை உடனிருந்த ஞானசௌந்தரி நோயாளியைக் கண்களை மூடச் சொன்னார். ஊசி முனையால் விரலில் குத்தினார்.

"தெரியுதா?"

"இன்னும் குத்தலையே தாயி."

"எப்ப இருந்து இப்படி மரத்துக் கிடக்கு?"

"ஆரம்பத்துல இருந்தே. மூட்டை தூக்குற கைதானேன்னு இருந்துட்டேன். ஐயாவும் கேக்கல."

ஸ்கேன் வந்தது. கழுத்துப் பகுதி முதுகெலும்பு தண்டுவடத்தை நசுக்கியிருந்தது.

அறைக்குள் டாக்டர்கள் இருவர் மட்டும்.

"நீ சொன்ன நோயில உணர்ச்சி மரத்துப்போகாது. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம்?"

"சதை துடிச்சதைப் பார்த்ததுமே முடிவு பண்ணிட்டேன். கழுத்தைப் படம் எடுக்கல. அன்னைக்கே ஆபரேஷன் செஞ்சிருந்தா...?"

"அநேகமா நடந்துக்கிட்டிருப்பார்."

"இப்ப?"

"இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போனது போனதுதான்."

இளம்பரிதி வெளியே பார்த்தான். பேச்சியம்மாள் டீயை ஆற்றி ஆற்றிக் கணவருக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷனுக்கு எழுதிடறேன் மேடம். பழசை எதுக்குச் சொல்லணும்? சாமி காப்பாத்துச்சுன்னு ரெண்டு பேரும் நிம்மதியா இருக்காங்க. அதைப் போய் நான் கெடுக்கணுமா?"

ஞானசௌந்தரி கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

"நீ சொல்லாம விட்டா, அந்த அய்யனார் காப்பாத்தினது உன்னைத்தான்."