அச்சாணிக்கு உரியவர் எவர்?

வண்டிகள் மிகுந்தும் நல்ல வழிகள் குறைந்தும் இருந்த வேங்கைமலை நாட்டில், ஊருக்கு ஓர் அச்சாணி வழங்கிவந்தது. சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் அந்தச் சிறு இரும்பு ஓரூரில் சதுரம். அடுத்த ஊரில் உருண்டை. அதற்கடுத்த ஊரில் கொல்லருக்கு அன்று தோன்றிய வடிவம். வழியில் ஆணி தொலைந்தால், வண்டிக்காரர் சொந்த ஊருக்கு நடந்துபோய்த்தான் வேறொன்று வாங்கிவர வேண்டும். அதற்குள் மூட்டையிலேயே நெல் முளைத்துவிடும்.

இதைக் கேள்வியுற்ற அரசர் வீரகேசரி, நாடு முழுவதற்கும் ஒரே அச்சாணி என்று ஆணையிட்டு, அதன் வடிவை முடிவுசெய்ய ஒரு குழுவை அமைத்தார். குழுவில் பெரிய மனிதர்கள் அனைவரும் இருந்தார்கள். வண்டி ஓட்டியவர் ஒருவரும் இல்லை.

அந்நாட்டுக் குழுக்களுக்கு ஒரு மரபு உண்டு. கூட்டம் தொடங்கும் முன், "இங்கே பேசப்படும் பொருளில் எவருக்கேனும் தனியுரிமை உண்டா? இருப்பின் இப்போதே உரைக்க" என்று தலைவர் கேட்பார். மிக நல்ல மரபு. அதற்குச் சற்று முன்பாக அனைவருக்கும் தாம்பூலம் வழங்குவது இன்னொரு மரபு. வாய் நிறைய வெற்றிலையோடு எவர் பேசுவார்? ஒருவருக்கும் உரிமை இல்லை என்று கொண்டு மேலே செல்வார்கள். ஒருமுறை கேட்ட கேள்வியை மறுமுறை கேட்பது சபையை அவமதிப்பதாகும். அதுவும் மரபே.

குழுவில் எல்லோரையும்விட நிதானமாக மென்றவர் தானாபதி மகுடேசர். கழுத்து வளைந்த ஆணியே சிறந்தது என்று உருகி உருகி வாதாடியவரும் அவரே. வாதம் வென்றது. ஆணியும் உண்மையிலேயே நல்ல ஆணிதான். அவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று: அந்த வடிவுக்கான தனியுரிமையை மறைந்த பெரிய அரசர் மகுடேசரின் தந்தைக்கு வழங்கியிருந்தார். இனி எந்தக் கொல்லர் அதை அடித்தாலும் மகுடேசருக்குக் கப்பம் கட்டியாக வேண்டும்.

பெரிய அரசர் காலம் தொட்டு அரண்மனையில் இருந்த விகடர் ஆவுடையப்பருக்கு இது தெரியும். குழுவில் கடைசி இருக்கை அவருடையது. கூட்டம் கலைந்ததும் அவர் மகுடேசரை வாயிலில் மறித்தார்.

"தானாபதியாரே, அந்த உரிமையைப் பற்றிச் சபையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கேட்டார்கள், ஓய். என் வாயில் வெற்றிலை இருந்தது."

"இப்போது இல்லையே."

"இப்போது எவரும் கேட்கவில்லையே. அரசர் முத்திரை வைத்ததும் நானே சொல்கிறேன். அவசரம் என்ன?"

"நான் அரசரிடம் சொன்னால்?"

"குழு முடித்ததைக் கிளறுகிறவர் பதவி இழப்பார். உம் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் நிற்கிறாள். பார்த்துக்கொள்ளும்."

ஆவுடையப்பர் வீடுவரை யோசித்தபடியே நடந்தார். குழுவில் மறுபடி கேட்கக் கூடாது, சரி. அரசர் தெருவில் கேட்கக் கூடாது என்று எந்த மரபும் சொல்லவில்லை. ஆனால் தெருவில் நின்று கேட்க அரசருக்கு ஒரு காரணம் வேண்டுமே.

மறுநாள் அவர் அரசரைப் பணிந்து, "முத்திரை வைக்குமுன் புதிய ஆணி பூட்டிய வண்டியில் மன்னர் ஒருமுறை பவனி வந்தால் குடிகள் மகிழ்வார்கள்" என்றார். குடிகள் தம்மைக் காண்பதில் அரசருக்கும் மகிழ்ச்சி உண்டு. உடனே இசைந்தார். ஆணி பூட்டும் பொறுப்பை ஆவுடையப்பரே ஏற்றுக்கொண்டார்.

முன்னே தமுக்குக்காரர், நடுவே அரசரின் வண்டி, பின்னே குதிரையில் மகுடேசர். தெருவில் நின்ற ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் அவர் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார். வைக்கோற்போர் இருந்த திருப்பத்தில் அரசரின் வண்டிச் சக்கரம் ஒன்று தனியே உருண்டு போயிற்று. வண்டி சாய்ந்தது. அரசர் வைக்கோலுக்குள் தலைகுப்புற விழுந்தார்.

எழுந்தபோது மீசையெல்லாம் வைக்கோல். "இந்த ஆணி எவருடையது?" என்றார். தாழ்ந்த குரலில் கேட்டார், அதுதான் அச்சமூட்டியது.

"குழு தேர்ந்த வடிவம், மன்னா" என்றார் ஆவுடையப்பர். "இதற்கு உரியவர் ஒருவர் இருப்பதாகப் பேச்சு. அரசரைக் கவிழ்த்த பொருளுக்கு உரியவரைக் கழுதைமேல் ஏற்றி எல்லை கடத்துவது நம் மரபு."

மகுடேசர் குதிரையிலிருந்து குதித்தார். அன்று வாயில் வெற்றிலை இல்லை. "மன்னா, அந்தப் பாழும் ஆணிக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை."

"உங்களை ஒருவரும் சொல்லவில்லையே, தானாபதியாரே" என்றார் ஆவுடையப்பர்.

"சொல்லுமுன் சொல்லிவைக்கிறேன். என் தந்தைக்கு ஏதேனும் உரிமை இருந்திருந்தால் அதையும் மன்னர் திருவடியில் இப்போதே துறந்தேன். எவர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்."

"நன்று" என்றார் அரசர். "தமுக்குக்காரரே, தானாபதியார் சொன்னது எல்லாத் தெருவுக்கும் கேட்கட்டும்."

கேட்டது. கொல்லர்கள் வாயிலுக்கு வந்து நின்று கேட்டார்கள். தமுக்கு ஓய்ந்ததும் ஆவுடையப்பர் மண்டியிட்டு, இடுப்பிலிருந்து கழுத்து வளைந்த ஆணி ஒன்றை எடுத்து அரசர்முன் வைத்தார்.

"ஆணி இதோ, மன்னா. இதன்மேல் குற்றமில்லை. நான் இதைப் பூட்டவே இல்லை. தண்டனை எனக்குரியது."

"ஆணி இல்லாததால் விழுந்தேனா?"

"ஆம். நாட்டுக்கு அச்சாணி எவ்வளவு தேவை என்பதை மன்னர் தாமே மெய்ப்பித்துவிட்டார்."

மகுடேசருக்குப் பொறுக்கவில்லை. "வஞ்சகம், மன்னா. அந்த ஆணி எனக்கே உரியது. பெரிய அரசர் தந்த செப்பேடு வீட்டில் இருக்கிறது."

அரசர் அவர் பக்கம் திரும்பினார். "குழுவில் கேட்டார்களே?"

"வாயில் வெற்றிலை..."

அரசர் சிரித்த சிரிப்பில் மீசையிலிருந்த வைக்கோலெல்லாம் உதிர்ந்தது. "துறந்தது துறந்ததுதான், தானாபதியாரே; ஊரே கேட்டுவிட்டது. ஆவுடையப்பரே, உம் மகள் கல்யாணம் அரண்மனைச் செலவு. வேறென்ன வேண்டும்?"

"குழுவில் இனிக் கேள்வி முதலில், தாம்பூலம் பிறகு. அவ்வளவே."

அடுத்த கூட்டம் நுகத்தடியைப் பற்றியது. கேள்வி முதலில் கேட்கப்பட்டது. பெரிய மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்கள். எல்லோரும் தத்தம் உரிமையைச் சொல்லி முடித்துத் தாம்பூலத் தட்டு உள்ளே வந்தபோது, வெற்றிலை வாடிப்போயிருந்தது.