யார் எடுப்பார்?

சிறுமலைச் சரிவில் மங்கையம்மாவின் தியானக்கூடம் இருந்தது. அங்கே வருகிறவர்களின் கைபேசிகளை வாங்கிப் பூட்டி வைக்க ஒரு பெட்டி செய்திருந்தார் சீடர் அரவாழி. குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். மென்பொருள் வேலையை உதறிவிட்டு வந்தவர்.

பெட்டி லேசுப்பட்டதல்ல. தன் கைபேசியிலிருந்தே அதைப் பூட்டுவார். பூட்டினால் ஒரு மணி நேரத்துக்குத் திறக்காது. செய்தவரே கெஞ்சினாலும் திறக்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் திறப்பு விழாவுக்கு முன்பே வந்து உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவரும் முழு நேரம் உட்காரவில்லை. பாதியில் எழுந்து வந்து, பந்திக்குக் காத்திருக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள்போலப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

மணிச்சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று அரவாழி பெட்டிக்குள் பஞ்சு வைத்துத் தைத்தார். வெளியே பராக்குப் பார்க்க முடியாதபடி ஜன்னல்களைக் கூரைக்குப் பக்கத்தில் உயர்த்திக் கட்டினார். அப்படியும் எழுந்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பெட்டியில என்ன குறைன்னே தெரியலம்மா," என்றார்.

"உங்க போன் எங்கே?" என்று கேட்டார் மங்கையம்மா.

"சட்டைப் பையில. பூட்டறதுக்கு அது வேணுமே."

"பூட்டு விழறதுக்குள்ள அதையும் உள்ளே போட முடியுமா?"

"முடியும். மூடி இறங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்."

"அப்ப இன்னைக்குப் போடுங்க."

போட்டார். மூடி இறங்கிப் பூட்டிக்கொண்டது.

அன்று வேறு யாரும் வரவில்லை. காலிக் கூடத்தில், வாசலைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினார். உடனே மனதில் மகள் நித்திலாதான் வந்து நின்றாள். திருச்சியில் நிறைமாதமாக இருந்தாள். டாக்டர் சொன்ன தேதி தாண்டிவிட்டது. முதுகு வலிக்கிறது என்று காலையில் சொன்னாளே, அது சூட்டுவலியா, பிரசவ வலியா? மாப்பிள்ளை இந்நேரம் கூப்பிட்டிருப்பாரோ? பஞ்சுக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்குமோ? எழுந்து வெளியே ஓடினார்.

மங்கையம்மா பெட்டியருகே நின்றிருந்தார்.

"திறக்கணும்மா."

"திறக்குமா?"

"திறக்காது." "பொண்ணுக்கு வலி வந்திருக்குமோன்னு பயமா இருக்கு."

"சமையல்கட்டுல போன் இருக்கே. பொண்ணு நம்பர் சொல்லுங்க."

அரவாழிக்குச் சொல்லத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் எண்ணும் தெரியவில்லை. எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. மண்டையைக் குடைந்ததில் மனைவி பூங்கொடி பல வருஷமாக மாற்றாத எண் மட்டும் அகப்பட்டது. அவளும் மகளோடுதான் இருந்தாள்.

சமையல்கட்டிலிருந்த ஒயர் போனில் கூப்பிட்டார்.

"இன்னும் ஒண்ணும் இல்லைங்க. சாப்பிட்டுட்டு நடந்துக்கிட்டு இருக்கா," என்றாள் பூங்கொடி. "இது யார் நம்பர்? உங்க போனுக்கு என்ன ஆச்சு?"

"அது பெட்டிக்குள்ள இருக்கு. ஏதாவதுன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடு."

"கூப்பிட்டா யார் எடுப்பா?"

மங்கையம்மா கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"நான் எடுப்பேன்மா. இங்கேயேதான் இருப்பேன். நீங்க கூப்பிட்டதும் அவர் தோளைத் தொட்டுச் சொல்லிடறேன்."

ஒயர் நீளமானது. மங்கையம்மா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அரவாழி திரும்பப் போய் உட்கார்ந்தார். பயம் போகவில்லை. கண்ணைத் திறந்து திறந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வாசல் வழியாக அம்மாவின் முதுகு தெரிந்தது. பிறகு ஒரு கட்டத்தில் திறந்து பார்க்க மறந்துபோனார்.

பெட்டி திறக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது, மங்கையம்மா அதே முக்காலியில் அப்படியே இருந்தார்.

"கூப்பிட்டாங்களாம்மா?"

"இல்லை."

அரவாழி தன் கைபேசியை எடுத்தார். எடுத்தவர் அதைப் பார்க்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பெட்டியில என்னம்மா மாத்தணும்?"

"பெட்டி அப்படியே இருக்கட்டும். வர்றவங்களை இந்த நம்பரை வீட்டுல கொடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"யார் எடுப்பான்னு கேட்பாங்களே?"

மங்கையம்மா முக்காலியை விட்டு எழுந்து, மடியிலிருந்த போனை அவரிடம் நீட்டினார்.

"அரவாழி எடுப்பார்னு சொல்லுங்க."