பிரபஞ்சத்தைச் சுற்றப் போன யானை

மருதூர் மன்னருக்கு இருக்கிற நிலம் போதவில்லை. "உள்ளதிலேயே பெரியது எது?" என்று அரண்மனை வானியல் அறிஞரைக் கேட்டார்.

"சூரியனும் அதைச் சுற்றும் கோள்களும் ஒரு சூரியக் குடும்பம். கோடானுகோடி சூரியன்கள் சேர்ந்தது ஒரு விண்மீன் மண்டலம். அத்தனை மண்டலங்களும் அடங்கியது பிரபஞ்சம்" என்றார் அவர்.

"அப்படியானால் பிரபஞ்சம் எனக்குச் சொந்தமென்று செப்பேட்டில் எழுதுங்கள்."

பெண் யானை ஒன்று சுற்றி நடந்து எல்லை காட்டிய நிலத்தைத்தான் செப்பேட்டில் எழுதுவது அந்நாட்டு வழக்கம். யானைப்பாகன் சாத்தனை அழைத்தார்கள்.

"நாளைக்குள் சுற்றி வா. இல்லையென்றால் உன் தலை இருக்காது" என்றார் மன்னர்.

சாத்தன் யானையின் காதைத் தடவியபடி சொன்னான்: "எல்லையைச் சுற்றும் யானை நிலத்துக்கு வெளியேதான் நடக்கும், மகாராஜா. சூரியக் குடும்பத்துக்கு வெளியே இடம் உண்டு. விண்மீன் மண்டலத்துக்கு வெளியேயும் உண்டு. பிரபஞ்சத்துக்கு வெளியே இவள் கால் வைக்க ஓரடி இடம் காட்டுங்கள், இப்போதே புறப்படுகிறேன்."

மன்னர் அறிஞரைப் பார்த்தார். அறிஞர் தரையைப் பார்த்தார்.

"சரி, சூரியக் குடும்பம் போதும்" என்றார் மன்னர்.

"உத்தரவு. நிலத்துக்கு உடையவர் யானைக்கு முன்னால் நடப்பதும் வழக்கமாயிற்றே, மகாராஜா."

மன்னர் கடைசியில் அரண்மனைத் தோட்டத்தை மட்டும் எழுதச் சொன்னார். அதைச் சுற்றி வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.